தெற்குவாசல் பாய் கடையில் ஐஸ் ஹாக்கி கிளவுஸ் தைத்தோம்

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தெற்குவாசல் மார்க்கெட்டைத் தாண்டி உள்ளே போகிற சந்துகளில் ஒன்றில், டீக்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் இருக்கிறது. வாசலில் உரித்துப் போட்ட பைக் சீட்டுகள் கிடக்கும். டீக்கடையில் "தோல் தைக்கிற பாய்" என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஸ்கூல் பை ஜிப், பயணப் பை கைப்பிடி, சீட் கவர், கிரிக்கெட் பேடு, கீப்பிங் கிளவுஸ் எல்லாம் தைப்பார். போன டிசம்பரில் நான் அவரிடம் கொண்டுபோனது இதில் எதுவும் இல்லை. ஐஸ் ஹாக்கி கிளவுஸ். மதுரையில் அதற்கு முன்னால் யாராவது அப்படி ஒன்றைத் தைக்கக் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

கிளவுஸ் என் அண்ணன் மகனுடையது. மிச்சிகனில் பிறந்து வளர்ந்தவன். ஐந்து வயதிலிருந்து ஐஸில் ஓடுகிறான். இப்போது அங்கே ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருஷம், கல்லூரி அணியில் லெஃப்ட் விங். கிறிஸ்துமஸ் இடைவெளியில் இரண்டு வாரம் பாட்டியைப் பார்க்க வந்தான். வந்தவன் பெட்டியில் துணி பாதி, ஸ்டிக்கும் கிளவுஸும் பாதி. காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் ஒரு கோல்ஃப் பந்தை வைத்துக்கொண்டு டக் டக் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருப்பான். கீழ் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் மேலே வந்து, மோட்டார் ஏதும் ரிப்பேரா டீச்சர் என்று கேட்டார்.

நான் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். கல்லூரியில் ஹாக்கி ஆடியவள், லெஃப்ட் இன். நான் சொல்வது நம்ம ஹாக்கி. கோவில்பட்டிக்காரர்கள் மூச்சாக வைத்திருக்கிறார்களே, அது. அவன் வந்து இறங்கியதற்கு நாலு நாள் முன்னால்தான் ஜூனியர் உலகக் கோப்பை முடிந்திருந்தது. 24 நாடுகள், சென்னையிலும் மதுரையிலும் ஆட்டம். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் புதிதாகப் போட்ட நீல டர்ஃபைப் பார்க்கவே நான் தினமும் போனேன். ஆகவே வீட்டில் ஹாக்கிப் பேச்சு சூடாகத்தான் இருந்தது. என் பந்தும் அவன் பக்கும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 160 கிராம் பக்கம். அதில் ஒரு மணி நேரம் பேசினோம். பக் என்பது கெட்டி ரப்பர் வில்லை. துள்ளாமல் வழுக்க வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்னால் அதை ஃப்ரீசரில் வைத்து உறைய வைப்பார்களாம். நாங்கள் வெயிலில் பந்தைத் தேடி கருவேலம் புதருக்குள் போன கதையை நான் சொன்னேன்.

சரி, கிளவுஸுக்கு வருகிறேன். மேல்பக்கம் ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்குமாக மெத்தை மாதிரி இருக்கும். பக் வந்து விழுந்தாலும் ஸ்டிக்கால் அடி பட்டாலும் விரல் உடையக் கூடாது. உள்ளங்கைப் பக்கம் நேர் எதிர், ஒரே ஒரு மெல்லிய தோல்தான். ஸ்டிக் வழியாகப் பக்கைக் கை உணர வேண்டும், தடியாக இருந்தால் குருடன் மாதிரி ஆகிவிடும் என்றான். அதனால் முதலில் தேய்வது அந்த உள்ளங்கைதான். இவனுடைய வலது கையில் ஐம்பது பைசா அளவுக்கு இரண்டு ஓட்டை, இடது கையில் கட்டைவிரல் ஓரம் தையல் விட்டு நின்றது. ஓட்டையோடு ஆடினால் என்ன என்று கேட்டேன். உள்ளங்கையை வெட்டியெடுத்த கிளவுஸோடு ஆடக் கூடாது என்று விதியே இருக்கிறதாம். வெறுங்கை வெளியே இருந்தால் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுக்கலாம், நடுவர் கண்ணுக்குத் தெரியாது. எந்த ஆட்டமானாலும் திருட்டுத்தனம் ஒன்றுதான் போல.

புதிதாக வாங்கேன்டா என்றேன். நல்லதாக வாங்க 200 டாலர் ஆகும், அது பெரிய விஷயமில்லை, பழக்குவதற்குள் சீசன் முடிந்துவிடும் அத்தை என்றான். இன்னும் பதிமூன்று ஆட்டம்தான் இருக்கிறது. அதோடு சரி, அதற்கப்புறம் இந்த அளவில் ஆட மாட்டான்.

இந்தப் பதிமூன்றைப் புரிந்துகொள்ள அவன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் அவனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இருபத்துமூணு முடிஞ்சிருச்சே, இன்னும் காலேஜா? அரியரா?" என்பதுதான். அரியர் இல்லை. அமெரிக்காவில் கல்லூரி ஐஸ் ஹாக்கிக்குப் போகிற பையன்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேரே கல்லூரிக்குப் போவதில்லை. ஒன்றிரண்டு வருஷம் ஜூனியர் லீக் என்று வெளியூரில் போய், யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, ஆடிக்கொண்டே கல்லூரிக் கோச்சுகளின் கண்ணில் பட முயல்வார்கள். இருபது வயதில் முதலாண்டு சேர்வது அங்கே சாதாரணம். என் சித்தி மகளுக்கு இதை விளக்க நான் தடுமாறியபோது, "நீட்டுக்கு ரிப்பீட் பண்ற மாதிரியா?" என்றாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அடுத்த கேள்வி, "ஸ்போர்ட்ஸ் கோட்டாவா?" அதுவும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. என்கிற அமைப்பின் கீழே டிவிஷன் 1 கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரலாம், டிவிஷன் 3 தரக் கூடாது. இவனுக்கு டிவிஷன் 1 வாய்க்கவில்லை. டிவிஷன் 3-இல் ஆடுகிறான். ஃபீஸ் முழுக்க அண்ணன் கட்டுகிறார். மூன்று வருஷத்தில் 61 ஆட்டம், 9 கோல். இதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். நானும் கல்லூரி நாட்களில் எத்தனை கோல் போட்டேன் என்று கேட்காமல் விட்டானே, அந்த மட்டில் நல்ல பிள்ளை.

இந்தக் கடைசி வருஷம் இன்னும் இறுகிவிட்டது. கனடாவின் பெரிய ஜூனியர் லீகுகளில் ஆடியவர்களை முன்பு என்.சி.ஏ.ஏ. சேர்க்காது, அவர்களுக்கு அங்கே உதவிப்பணம் கொடுப்பதால் தொழில்முறைக் கணக்கில் வைத்திருந்தார்கள். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள், 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மேலே டிவிஷன் 1-இல் அந்தப் பையன்கள் வந்து உட்கார, அங்கே இடம் போனவர்கள் கீழே இறங்க, அலை அடித்து அடித்து இவன் அணி வரைக்கும் வந்துவிட்டது. மூன்றாவது லைனில் இருந்தவன் நாலாவது லைனுக்குப் போனான். லைன் என்றால் மூன்று ஃபார்வேர்டுகள் சேர்ந்த ஒரு கூட்டு. முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள், அப்புறம் பெஞ்சுக்கு வந்து அடுத்த கூட்டை அனுப்புவார்கள். நாலாவது கூட்டுக்கு முறை குறைவாகத்தான் வரும். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி ஆட்டத்தில், சில நாள் இவனுக்கு மொத்தமே ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்குத்தான் கிளவுஸ்.

முதலில் டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். "ஹாக்கி கிளவுஸா, இங்கே கொடுத்துட்டுப் போங்க, ரெண்டு நாள்ல தரேன்" என்று 250 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். திரும்பக் கிடைத்தபோது ஓட்டையின் மேல் கறுப்பு ரெக்சின் துண்டை சொலுஷன் போட்டு ஒட்டியிருந்தார்கள். சொலுஷன் உள்பக்கமும் கசிந்து காய்ந்து, உள்ளங்கை அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. விரலை மடக்கினால் படபடவென்று சத்தம். பையன் "பரவாயில்லை அத்தை" என்றான். பரவாயில்லை என்று அவன் சொல்கிற விதத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் எங்கள் பள்ளிக் கிரிக்கெட் பேடுகளைத் தைத்துத் தந்த பாய் ஞாபகம் வந்தது. டிசம்பர் 17, புதன்கிழமை. தல்லாகுளத்தில் ஆட்டோ பிடித்து, ஏ.வி. பாலம் தாண்டி, மாசி வீதி நெரிசலில் அரை மணி நேரம் நின்று போய்ச் சேர்ந்தோம்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கிளவுஸை வாங்கியதும் முகத்தைச் சுளித்தார். யாராக இருந்தாலும் சுளிப்பார்கள். ஐஸ் ஹாக்கிச் சாமான்களின் நாற்றம் உலகப் பிரசித்தம், மூன்று வருஷ வேர்வை. அப்புறம் தோலை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்துவிட்டு, "இதை வெயில்ல போட்டது யாரு?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். நாற்றம் தாங்காமல் என் அம்மா மொட்டை மாடியில் மோர் மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் காயப்போட்டிருந்தார். அது தப்பாம். நிழலில், காற்றோட்டமாகத்தான் தோல் காய வேண்டுமாம். "ரெக்சின் ஒட்டுன மகராசன் யாரு?" என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

அடுத்து அவர் செய்ததற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். இரண்டு கிளவுஸையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "தம்பி எழுதுறது எந்தக் கை?" என்றார். சோத்தாங்கை. "அப்புறம் ஏன் சோத்தாங்கை மட்டும் இவ்வளவு தேஞ்சிருக்கு? நம்ம ஹாக்கியில நொட்டாங்கைதானே மேல புடிப்பாங்க?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியான கேள்வி. நம்ம ஹாக்கியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்டிக்தான், இடது கை மேலே, வலது கை கீழே, வேறு பேச்சே இல்லை. ஐஸ் ஹாக்கியில் இடது, வலது என்று இரண்டு வகை ஸ்டிக் உண்டு. வலது கைப் பழக்கமுள்ள பலரும் பலமான கையை மேலே வைத்து இடப்பக்கமாக ஆடுவார்கள். இவனும் அப்படித்தான். பையன் தமிழில் பாதி, கையால் பாதி விளக்கினான். பாய் மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து நீட்டினார். "எப்படிப் புடிப்பீங்க, காட்டுங்க."

சந்தில் நின்று, ஒட்டடைக் கம்பை வைத்துக்கொண்டு, கிழிந்த கிளவுஸோடு அவன் ஒரு ஷாட் எப்படி எடுப்பது, பக்கை எப்படி இப்படியும் அப்படியும் உருட்டுவது என்று காட்டினான். டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது. பாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பையும் பார்க்கவில்லை, வலது மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் கை கம்பின் முனையில் உட்கார்ந்து திரும்புகிறது. முனையில் டேப் சுற்றி ஒரு உருண்டை செய்து வைப்பார்கள், கை வழுக்காமல் இருக்க. அந்த உருண்டை உள்ளங்கையின் அடிமேட்டில் அரைக்கிறது. கீழ்க் கை மேலும் கீழும் வழுக்கிப் போகிறது. ஒரு கை அரைபடுகிறது, இன்னொன்று உரசுகிறது. இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்து, சாக்பீஸால் வலது கிளவுஸில் ஒரு வட்டம், இடதில் நீளமாக ஒரு கோடு போட்டார்.

தோல் விஷயத்தில் நான் மூக்கை நுழைத்தேன். திண்டுக்கல் ஆவாரம்பட்டைத் தோல் நல்லதாமே என்று கேட்டேன். செருப்புக்கும் பைக்கும் அது ராஜா, இதுக்கு ஆகாது என்றார். பட்டையில் பதப்படுத்திய தோல் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால் அட்டையாகிவிடும். கிளவுஸ் உள்ளே ஒவ்வொரு நாளும் வேர்வையில் ஊறுகிறது. குரோமில் பதப்படுத்திய வெள்ளாட்டுத் தோல் தண்ணீரைத் தாங்கும், காய்ந்தாலும் மெத்தென்று இருக்கும். ஒரு சுருளை எடுத்து விரித்து, குட்டி ஆடு, சன்னமானது என்று பையன் கையில் கொடுத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தான். வலது கையில் சாக்பீஸ் வட்டம் போட்ட இடத்தில் மட்டும் உள்ளே இன்னொரு சின்னத் துண்டு, ஓரங்களைக் கத்தியால் சீவிச் சீவிக் காகிதமாக்கி வைக்கிறேன், கைக்குத் தெரியாது என்றார். நூல் நைலான், மெழுகு தடவியது. பருத்தி நூல் வேர்வையில் இற்றுப்போகுமாம். நெருக்கமாகத் தைத்துக் கொடுங்கள் என்று நான் சொன்னதற்கு ஒரு பார்வை பார்த்தார். "நெருக்கித் தச்சா தபால் ஸ்டாம்பு மாதிரி கோடு போட்டுக் கிழியும் டீச்சர்." முடிந்து வந்ததும் எண்ணிப் பார்த்தேன், அங்குலத்துக்கு எட்டு தையல்.

மொத்தம் 1,400 ரூபாய் சொன்னார், தோலும் கூலியும் சேர்த்து. 500 அட்வான்ஸ். அங்கே அமெரிக்காவில் இதே வேலைக்கு அறுபது எழுபது டாலர் ஆகும் என்றான் பையன். ரசீது கிடையாது. ஜிபே பக்கத்து டீக்கடை போர்டில்தான்.

இப்போது குறை. தேதி சொன்னால் நம்பாதீர்கள். 24-ஆம் தேதி புதன் என்றார். புதன் போனால் பழைய உள்ளங்கையைப் பிரித்து, அதை அச்சாக வைத்துத் தோல் வெட்டியிருந்தார், அவ்வளவுதான். வெள்ளி போனால் ஜும்மாவுக்குக் கடை சாத்தியிருந்தது, அது என் தப்பு. சனிக்கிழமை ஒரு கை முடிந்திருந்தது. திங்கள் காலை அவனுக்கு ஃப்ளைட். ஃபோன் செய்தால் எடுக்க மாட்டார், மெஷின் சத்தத்தில் கேட்காதாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார ஸ்டூல்கூடக் கிடையாது, ஒரு பைக் சீட்டின் மேல்தான்.

அந்த இரண்டு மணி நேரம் வீண் போகவில்லை, வேலையைப் பக்கத்தில் பார்த்தேன். விரல்களை மெஷினில் தைக்க முடியாது, உள்ளே கை போகாது. கிளவுஸைப் பழைய சாக்ஸ் மாதிரி உள்வெளியாகத் திருப்பி, ஒவ்வொரு விரலையும் குத்தூசியால் ஓட்டை போட்டு, இரண்டு ஊசியை எதிரெதிராக விட்டு இழுத்தார். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாதாம். ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை நூலை மெழுகில் இழுத்துக்கொள்வார். பையனும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "நம்ம ஆளுக இந்த ஆட்டத்துல யாராச்சும் பெரிய ஆளா வந்திருக்காங்களா தம்பி?" என்று பாய் கேட்டார். ராபின் பாவா என்று கனடாவில் பிறந்த பஞ்சாபி ஒருவர் 1989-இல் என்.எச்.எல். என்கிற வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக் வரைக்கும் போனார், இந்திய வம்சாவளியில் அவர்தான் முதல் ஆள் என்றான். லடாக் பெண்களைப் பற்றி நான் சொன்னேன். அவர்கள் நிறைந்த இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. பாய் ஊசியை நிறுத்தாமல், "ஐஸு அங்க இயற்கையாவே கெடக்கு, இங்க ஜிகர்தண்டாவுலதான்" என்றார்.

எட்டரை மணிக்குக் கையில் கொடுத்தார். மாட்டிப் பார்த்தான். ஒட்டடைக் கம்பு மறுபடி வந்தது. இடது ஆள்காட்டி விரலின் உள் ஓரத்தில் ஒரு சின்ன முண்டு, மடிப்பு சரியாக உட்காரவில்லை, அழுத்துகிறது என்றான். பாய் மரச்சுத்தியால் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, போட்டு ஆடினால் அமுங்கும் என்றார். மூன்று பயிற்சியில் அமுங்கிவிட்டது என்று அப்புறம் செய்தி வந்தது. ஆனாலும் அது முண்டுதான், 1,400 ரூபாய்க்கு இருந்திருக்கக் கூடாது. நிறமும் பொருந்தவில்லை. அணியின் கிளவுஸ் கருநீலம், உள்ளங்கை சந்தனக் கலர். தூரத்திலிருந்தே தெரியும். கறுப்புத் தோல் இல்லையா என்று கேட்டதற்கு, சாயம் வேர்வையில் கையில் ஒட்டும், வேணுமா என்றார். வேண்டாம் என்றோம்.

காசு முழுக்கக் கொடுத்தபோது பாய் கேட்டார், இது எத்தனை நாள் வரணும் என்று. பதிமூன்று ஆட்டம் என்றான் பையன். "பதிமூணா? நான் என்னமோ அஞ்சு வருஷத்துக்குன்னு தச்சிட்டேனே" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகவே சொன்னார்.

ஜனவரி, பிப்ரவரி முழுக்க வெள்ளி, சனி ஆட்டங்களை நான் இங்கே சனி, ஞாயிறு விடிகாலையில் கணினியில் பார்த்தேன், அம்மாவும் பக்கத்தில். கல்லூரி ஆட்டத்தில் முகம் முழுக்கக் கம்பிக் கூண்டு கட்டாயம். அம்மா அதை எலிப்பொறி என்பார். அடிதடி போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அடுத்த ஆட்டத்துக்கும் தடை. தொழில்முறை ஆட்டத்தில் அடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். அம்மாவுக்குக் கல்லூரி விதிதான் பிடித்திருக்கிறது. நாலாவது லைன் உள்ளே வரும்போது எண்ணைத் தேட வேண்டியதில்லை, சந்தனக் கலர் கை எங்கே என்று பார்த்தால் போதும். ஒரு கோல் போட்டான். கம்பத்துக்குப் பக்கத்தில் குழம்பி நின்ற பக்கைத் தள்ளிவிட்ட கோல், அழகெல்லாம் இல்லை. அம்மா எழுந்து நின்று கை தட்டினார்.

பாய் கடைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அவசரமென்றால் போகாதீர்கள். பத்து நாள் முன்னதாகவே கொடுத்து, வாரம் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். வெள்ளி மதியம் வேண்டாம். கார் சந்துக்குள் போகாது. பொருளை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று செய்து காட்டுங்கள், வாயால் சொல்வதை அவர் பெரிதாகக் கேட்பதில்லை.

போன வாரம் பேத்தியின் ஸ்கூல் பை ஜிப்புக்காகப் போயிருந்தேன். பாய் நிமிர்ந்து பார்த்து, "தம்பிக்குப் பதிமூணு முடிஞ்சுதா டீச்சர்?" என்றார்.

"பதினாலு. பிளே ஆஃப்ல ஒண்ணு சேர்ந்துச்சு. அதுல தோத்துட்டாங்க."

"தையல்?"

ஃபோனில் அவன் அனுப்பிய படத்தைக் காட்டினேன். சந்தனக் கலர் போய், வட்டம் போட்ட இடமும் கோடு போட்ட இடமும் டேப் பசையில் கன்னங்கரேல் என்று இருந்தன. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, விரல் விரலாகப் பார்த்தார்.

"பிரியலை," என்றார். "சரி, பையை வைங்க. புதன்கிழமை வாங்க."